சொல்லிக் காட்டாத மன்னிப்பு

அண்ணன் தம்பி பகையைச் சொல்லும் தாதா குடும்பப் படங்களுக்கு நம் கீழக்கரையில் என்றைக்கும் கூட்டம் உண்டு. 2018-இல் மணிரத்னம் எடுத்த ‘செக்கச் சிவந்த வானம்’ படத்தில் தாதா சேனாபதியின் இடத்துக்கு மூன்று மகன்கள் மோதுகிறார்கள். தகப்பனைக் கொல்லத் திட்டம் போட்டவனே மூத்த மகன்தான். கடைசியில் மூவரில் ஒருவரும் மிஞ்சவில்லை. இதைப் பார்த்துவிட்டு, ‘கூடப்பிறந்தவன் துரோகத்துக்கு ரத்தம்தான் பதில்’ என்கிறவர்கள் இருக்கிறார்கள். அது தவறு என்று வாதாடவே வந்திருக்கிறேன். அந்தத் துரோகத்தையும் மன்னிக்கலாம். ஆனால் செய்தவன் தன் வாயால் ஒப்புக்கொள்ள வேண்டும். மன்னித்தவன் அதைப் பிறகு சொல்லிக் காட்டக் கூடாது.

பழிதீர்ப்பதன் பலனை நம் சேதுச் சீமையே பார்த்திருக்கிறது. சீதக்காதி வள்ளலோடு நட்புப் பாராட்டிய கிழவன் சேதுபதி 1710-இல் மறைந்தார். அடுத்த இருபது ஆண்டுகளில் வாரிசுச் சண்டை முற்றியது. அவர் மகன் பவானி சங்கரன் தஞ்சை மராட்டியர் துணையோடு பட்டத்தைப் பிடித்தார். அவரை வீழ்த்த, எதிரணியில் நின்ற கட்டையத் தேவரும் சசிவர்ணத் தேவரும் அதே தஞ்சையிடம்தான் போனார்கள். 1730-ஐ ஒட்டிச் சண்டை ஓய்ந்தபோது பாம்பாற்றுக்கு வடக்கே இருந்த நிலம் தஞ்சைக்குப் போயிற்று. மிச்சம் ஐந்து கூறாகி, மூன்று இராமநாதபுரத்துக்கும் இரண்டு சிவகங்கைக்கும் சேர்ந்தன. பங்காளிகள் அடித்துக்கொண்டார்கள், லாபம் மூன்றாவது ஆளுக்கு.

‘மன்னிப்பதெல்லாம் கையாலாகாதவன் செய்வது’ என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்கு இரண்டு பேரைக் காட்டுகிறேன். 1974-இல் வந்த ‘காட்ஃபாதர்’ இரண்டாம் பாகத்தில் மைக்கேலுக்கு எல்லா அதிகாரமும் இருக்கிறது. தம்பிக்குக் கிடைத்த தலைமை தனக்கு வரவில்லையே என்று புழுங்கிய அண்ணன் ஃபிரெடோ, எதிரிக்குத் துணைபோகிறான். தாயின் மரணத்தின்போது மைக்கேல் அவனைக் கட்டி அணைக்கிறான். பிறகு ஏரியில் படகில் வைத்துச் சுடச் செய்கிறான். குர்ஆனின் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் யூசுப் நபிக்கும் அதிகாரம் இருந்தது. எகிப்தின் களஞ்சியமே அவர் கையில். தகப்பனின் பாசத்தைப் பொறுக்காமல் அவரைக் கிணற்றில் தள்ளி, சட்டையில் பொய் ரத்தம் பூசிக் காட்டிய அண்ணன்மார், பஞ்சத்தில் தானியம் கேட்டு அவர் முன்னேயே வந்து நின்றார்கள். அவர் பழி எடுக்கவில்லை. இருவருக்கும் பலம் ஒன்றுதான். அதைக் கொண்டு என்ன செய்தார்கள் என்பதில்தான் ஆளின் தரம் தெரிகிறது.

‘இப்படி மன்னித்தால் துரோகிக்குத் துளிர்விடாதா?’ என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. யூசுப் நபி கண்ணை மூடிக்கொண்டு மன்னிக்கவில்லை. தம்பி புன்யாமீனைத் தம்மிடமே நிறுத்தி வைத்துக்கொண்டார். ஒரு தம்பியை விட்டுவிட்டுத் தகப்பனிடம் போகும் அதே நிலை அண்ணன்மாருக்கு மறுபடி வந்தது. இந்த முறை, ‘அவனுக்குப் பதிலாக எங்களில் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்’ என்று கெஞ்சினார்கள்; மூத்தவர் ஊருக்குத் திரும்பவே மறுத்தார். பிறகு தங்கள் குற்றத்தைத் தாங்களே ஒப்புக்கொண்டார்கள். அதன் பிறகுதான் மன்னிப்பு வந்தது. ஒப்புக்கொள்ளாதவனை என்ன செய்வது என்றால், அதற்கும் அங்கே வழி இருக்கிறது. அவர்கள் வாய் திறப்பதற்கு முன்பே தானியத்தை அளந்து கொடுத்து, கொண்டுவந்த கிரயத்தையும் மூட்டைக்குள்ளேயே திருப்பி வைக்கச் செய்தார். உதவிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. உறவு ஒட்டுவதற்குத்தான் உண்மை வேண்டும்.

இதில் எனக்கு மிகப் பெரிதாகப் படுவது கடைசிக் கட்டம். யூசுப் நபி பெற்றோர் முன்னிலையில் தமக்கு நேர்ந்ததைச் சொல்லும்போது, இறைவன் சிறையிலிருந்து விடுவித்ததைச் சொன்னார். கிணற்றைச் சொல்லவே இல்லை. எங்களுக்குள்ளே ஷைத்தான் பிளவை மூட்டிவிட்டான் என்று மட்டும் சொல்லி, அண்ணன்மாரின் தலை குனியாமல் பார்த்துக்கொண்டார். வீட்டுப் பாகத்துக்கும் கடைக் கணக்குக்கும் காக்காவும் தம்பியும் பேச்சை முறித்துக்கொண்ட குடும்பங்கள் எந்த ஊரிலும் உண்டு. தவறு செய்தவர் யாரோ, அவர் முதலில் போய்ச் சொல்லட்டும். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கட்டும். கேட்டவர் மன்னிக்கட்டும், மன்னித்ததை அடுத்த கல்யாணப் பந்தலில் எடுத்துப் பேசாமல் இருக்கட்டும். பெற்றவர்கள் உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.