அறியாமை வேறு, மறுப்பு வேறு



கத்தோலிக்கத் திருப்பலியில் நற்கருணை வழங்கும் நேரம். குருவானவர் மெல்லிய வெள்ளை அப்பத்தை உயர்த்தி, 'கிறிஸ்துவின் உடல்' என்கிறார். எதிரே நிற்பவர் 'ஆமென்' என்று சொல்லி வாங்கிக்கொள்கிறார். அப்பமும் இரசமும் பார்வைக்கும் சுவைக்கும் அப்படியே இருக்க, உண்மையாகவே கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாக மாறிவிடுகின்றன என்பது திருச்சபையின் போதனை. 1551-இல் திரெந்து பொதுச்சங்கம் உறுதிப்படுத்திய கோட்பாடு அது.

ஆமென் சொல்பவர்கள் எல்லாரும் அதை நம்புகிறார்களா? அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், அந்நாட்டுக் கத்தோலிக்கரில் 31 சதவீதம் பேரே நம்புவதாகச் சொன்னார்கள். 69 சதவீதத்தினர் அவை அடையாளங்களே என்றார்கள். விசுவாசம் தேய்ந்துவிட்டதென்று பலர் வருந்தினார்கள்.

ஆனால் அந்த 69-இன் இரண்டு பெரும் பகுதிகளைப் பாருங்கள். போதனை தெரிந்தும் ஏற்காதவர்கள் 22 சதவீதம். 43 சதவீதத்தினரோ, அடையாளம் என்பதுதான் திருச்சபையின் போதனை என்றே எண்ணியிருந்தார்கள். அவர்கள் எதையும் மறுக்கவில்லை. அவர்களுக்கு யாரும் விளங்கும்படி சொல்லவில்லை. வாரந்தோறும் திருப்பலிக்குப் போகிறவர்களில் 63 சதவீதத்தினர் நம்பினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அமெரிக்க ஆயர்கள் 2022-இல் நற்கருணை மறுமலர்ச்சி இயக்கத்தைத் தொடங்கி, 2024-இல் இண்டியானாபொலிஸில் தேசிய மாநாடும் கூட்டினார்கள். அறியாமைக்கு அது சரியான மருந்து.

செயற்கைக் கருத்தடை விஷயம் அப்படியல்ல. திருத்தந்தை ஆறாம் பவுல் 1968-இல் அதை விலக்கிச் சுற்றுமடல் எழுதினார். திருச்சபை அதற்கு எதிரானது என்பது ஊரறிந்த செய்தி. இருந்தும் அமெரிக்கக் கத்தோலிக்கரில் பெரும்பாலோர் அதைத் தவறென்று கருதுவதில்லை. இங்கே இன்னொரு மறைக்கல்வி வகுப்பு போதாது. குடும்பம் நடத்துகிறவர்கள் சொல்லும் காரணத்தை உட்கார்ந்து கேட்க வேண்டும்.

கேட்பதால் போதனையின் மதிப்புக் குறைந்துவிடாது. நான்காம் நூற்றாண்டில் கிறிஸ்துவின் முழு இறைத்தன்மையை மறுத்த ஆரியுவின் கொள்கை பரவியபோது ஆயர்கள் பலர் தடுமாறினார்கள், எளிய மக்களே விசுவாசத்தைக் காத்தார்கள் என்று 1859-இல் எழுதினார் ஆங்கிலேய இறையியலாளர் ஜான் ஹென்றி நியூமன். அவரைத் திருச்சபை 2019-இல் புனிதராக உயர்த்தியது.

ஆகவே, 'இவர்களுக்கு நம்பிக்கை இல்லை' என்று தீர்ப்பெழுதும் முன், தெரியவில்லையா, தெரிந்தும் ஏற்கவில்லையா என்று கேளுங்கள். தெரியாதவருக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுங்கள். ஏற்காதவரிடம் மனம் திறந்து பேசுங்கள். இரண்டு பேரையும் ஒரே தட்டில் நிறுத்துவது இருவருக்குமே அநீதி.