குறி தப்பியது யாரால்?

(ஆண்டுச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் கல்லூரித் துப்பாக்கிப் பயிற்சிக் குழுவில் புதிதாகச் சேருகிறவர்களுக்காக .22 ரைபிளை மேம்படுத்த சங்கம் பணம் தரலாமா என்று பேச்சு வந்தது. "நீ மெக்கானிக்கல், என்.சி.சி.யிலும் இருந்தவன், நீயே பேசு" என்று செயலாளர் என்னை மாட்டிவிட்டார். டெலஸ்கோப் வாங்கி மாட்டலாம் என்பது பலர் யோசனை. வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

2009-ல் நான் கடைசி வருஷம். அதற்கு முந்தின வருஷம்தான் பீஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியிருந்தார். ஊரில் எல்லாப் பையனுக்கும் துப்பாக்கி ஆசை. லோயர் கேம்ப்பிலிருந்து வந்த ஒரு தம்பி, ஒல்லி, குள்ளம், முதல் தடவையாகப் படுத்துச் சுட்டான். 25 கஜ தூரம், அஞ்சு குண்டு. அஞ்சு துளையையும் ஒரு தீப்பெட்டியால் மூடிவிடலாம். ஆனால் அஞ்சும் இடது பக்கம் கீழ் மூலையில். கறுப்பு வட்டத்தில் ஒன்றுகூட இல்லை. மார்க் எழுதினவன் நான். "உனக்குக் கண்ணு சரியில்ல தம்பி" என்று சொல்லி, பட்டியலில் அவன் பேரை அடித்தேன்.

மறுநாள் அதே ரைபிளை நான் சுட்டேன். என் குண்டுகளும் அதே மூலையில்! ஃபோர்சைட் எங்கேயோ இடிபட்டு நகர்ந்திருக்கிறது. ஆர்மரரிடம் கொடுத்துச் சரி பண்ணியாச்சு. தம்பியிடம் மட்டும் சொல்லவில்லை. சீனியர் கௌரவம்!

கணக்குப் போட்டுப் பாருங்கள். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே சுமார் 60 சென்டிமீட்டர். 25 கஜம் என்பது ஏறக்குறைய 23 மீட்டர். அதாவது 38 மடங்கு. ஃபோர்சைட் ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால் குண்டு ஒன்றரை அங்குலம் தள்ளிப் போகும். துளைகள் சிதறினால் சுடுகிறவனைப் பாருங்கள். நெருங்கி விழுந்து இடம் மாறினால் முதலில் சைட்டைப் பாருங்கள். குண்டு இடப்பக்கம் போனால் ஃபோர்சைட்டையும் இடப்பக்கமே நகர்த்த வேண்டும். பின் சைட் என்றால் நேர் எதிர். இதில் குழம்பாத ஆள் இல்லை, நான் உட்பட.

இனி சைட்டின் வகை. சாதாரண வெட்டு சைட்டில் பின் வெட்டு, முன் முனை, இலக்கு மூன்றையும் கண் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். எந்தக் கண்ணாலும் முடியாத காரியம். துளை சைட் வைத்தால் கண் தானாகவே துளையின் நடுவைத் தேடிக்கொள்ளும். புதியவர் முன் முனையை மட்டும் கவனித்தால் போதும். பிந்த்ரா சுட்டதும் துளை சைட்டில்தான். டெலஸ்கோப்பில் இலக்கு பெரிசாகத் தெரியும், கை நடுக்கமும் பெரிசாகத் தெரியும். பயந்துபோய் ட்ரிகரை வெடுக்கென்று இழுத்துவிடுவார்கள்.

அடுத்து பட். முதல் உலகப் போருக்குப் பிறகு வெள்ளைக்காரன் .303 லீ என்ஃபீல்டையே .22 ஆக மாற்றிப் பயிற்சிக்குக் கொடுத்தான். தோட்டா மலிவு, சத்தம் குறைவு; கனமும் நீளமும் மட்டும் சிப்பாய்க்கு உரியது. என்.சி.சி.யில் வந்த .22 டீலக்ஸ் மூன்று கிலோவுக்கும் குறைவு, நல்ல முன்னேற்றம். ஆனாலும் பட் நீளம் எல்லோருக்கும் ஒன்றுதான். குள்ளமானவர் கழுத்தை நீட்டினால்தான் சைட்டே தெரியும். தகடு வைத்துக் கூட்டிக் குறைக்கிற பட் நமக்கு வேண்டும். ட்ரிகரை லேசாக்குவது அப்புறம் பார்க்கலாம். புதியவர் கையில் ரொம்ப லேசான ட்ரிகர் ஆபத்து. எந்த வேலையானாலும் லைசென்ஸ் உள்ள துப்பாக்கி மெக்கானிக்தான் செய்ய வேண்டும். என்.சி.சி. ரைபிள் அரசு சொத்து, அதில் கை வைக்கவே கூடாது. நான் சொல்வது கிளப் ரைபிளுக்கு மட்டும்.

இப்போது நான் வேலை பார்ப்பது லோயர் கேம்ப் பவர் ஹவுஸில். அங்கே 35 மெகாவாட் யூனிட்டை 42 ஆக உயர்த்தினார்கள். மலையும் தண்ணீரும் அதேதான், மெஷினைத்தான் மாற்றினார்கள். அங்கே ஒரு நாள் டீக்கடையில் அந்தத் தம்பியைப் பார்த்தேன். திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறான். "அண்ணே, என்னைத் தெரியுதா? கண்ணு சரியில்லாதவன்!" என்று சிரித்தான். எனக்கு டீ இறங்கவில்லை. நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "அப்ப அஞ்சும் ஒண்ணாத்தானே விழுந்துச்சு?" என்று கேட்டான். "ஒரு தீப்பெட்டிக்குள்ள" என்றேன்.

இன்றைக்கு அவனையும் கூப்பிட்டேன். தோட்டத்தில் காய்வெட்டு, வர முடியவில்லை. நம் ரைபிள் தயாரானதும் முதல் அஞ்சு குண்டு அவன் சுட வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். செயலாளர் தலையாட்டிவிட்டார்.