அயல்நிறுவனமும் உள்ளூர் ஊழியரும்: ஈரேணி முறை பற்றி ஒரு மறுப்புரை

   

அயல்நாட்டாருக்குச் சொந்தமான நிறுவனங்கள் உள்ளூர் ஊழியரைப் பாகுபாடாக நடத்துகின்றனவா என்பது கேள்வி. நான் என்ன சொல்லப்போகிறேன் என்பது இங்குள்ள என் துறை நண்பர்கள் சிலருக்குப் பாதி தெரியும். கருத்தரங்குகளில் நாங்கள் மோதிக்கொண்ட பொருள்தான் இது. அவர்கள் தரப்பை நியாயமாகவே சுருக்கிச் சொல்கிறேன். ஒரு சாரார் இது பண்பாட்டு வேறுபாடு என்கிறார்கள்: மொழி புரியவில்லை, வேலைமுறை பழகவில்லை, பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடும். இன்னொரு சாரார் இது இளமைக் கோளாறு என்கிறார்கள்: புதிதாக வந்த நிறுவனம் தன் ஆட்களைக் கொண்டுவரும், வேரூன்றிய பின் உள்ளூர்க்காரரை மேலே ஏற்றும். மூன்றாம் சாரார் சட்டத்தால் இத்தனை விழுக்காடு உள்ளூர்க்காரர் என்று விதித்தால் போதும் என்கிறார்கள். மூன்றையும் நான் மறுக்கிறேன். பாகுபாடு இருக்கும் இடம் மனப்பான்மை அல்ல, பணியமைப்பு. ஒரே கட்டடத்துக்குள் இரண்டு ஏணிகள் நிற்கின்றன. தாய் நிறுவனம் அனுப்பிவைத்தவர்கள், நம் தொழிற்பேட்டைகளில் ‘எக்ஸ்பாட்’ எனப்படுபவர்கள், ஒன்றில் ஏறுகிறார்கள். உள்ளூரில் சேர்க்கப்பட்டவர்கள் மற்றொன்றில். இரண்டாம் ஏணியில் நிற்பவரின் பெயர் முதல் ஏணியின் பதவிகளுக்குப் பரிசீலனைக்கே வருவதில்லை. பரிசீலிக்காமல் விடுவதற்கு வெறுப்பு தேவையில்லை. ஆகவே வெறுப்பைத் தேடிச் செல்லும் ஆய்வும் சட்டமும் வெறுங்கையோடு திரும்புகின்றன.

இதற்கு நான் எடுத்துக்கொள்ளும் சான்று அமெரிக்காவில் இயங்கிய ஜப்பானிய நிறுவனங்கள். நம் ஊர்ச் சான்றை ஏன் எடுக்கவில்லை என்று கேட்கலாம். நம்மிடம் இத்தகைய வழக்குகள் தீர்ப்பளவுக்கு வருவதில்லை. அங்கே வந்தன, விவரங்கள் நீதிமன்ற ஆவணத்தில் பதிந்தன. முதலில் சுமிட்டோமோ வழக்கு. ஜப்பானியப் பெருவணிக நிறுவனமொன்று நியூயார்க்கில் முழுவதும் தனக்கே சொந்தமான துணை நிறுவனம் ஒன்றைப் பதிவுசெய்து நடத்தியது. அங்கே செயலர் வேலை பார்த்த பெண்கள், நிர்வாகப் பதவிக்கும் விற்பனைப் பதவிக்கும் ஜப்பானியக் குடியுரிமை பெற்ற ஆண்களை மட்டுமே நிறுவனம் அமர்த்துகிறது என்று வழக்குத் தொடுத்தார்கள். நிறுவனம் 1953இல் அமெரிக்காவும் ஜப்பானும் செய்துகொண்ட நட்பு, வணிக, கடற்பயண ஒப்பந்தத்தைக் காட்டியது. ஒரு நாட்டின் நிறுவனங்கள் மற்ற நாட்டில் தங்கள் கணக்கர், தொழில்நுட்ப வல்லுநர், நிர்வாகிகள் போன்றோரைத் தம் விருப்பப்படி அமர்த்திக்கொள்ளலாம் என்கிறது அதன் எட்டாம் பிரிவு. 1982இல் தலைமை நீதிபதி வாரன் பர்கர் எழுதிய ஒருமனதான தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது. நியூயார்க் சட்டப்படி பதிவான நிறுவனம் அமெரிக்க நிறுவனமே. ஒப்பந்தம் ஜப்பானிய நிறுவனத்துக்குத் தரும் சலுகையை அது கேட்க முடியாது என்றது. நம் பாடநூல்கள் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன, ஊழியர் வென்றனர் என்று. ஆனால் நீதிமன்றம் தீர்த்தது பதிவு எந்த நாட்டில் என்ற கேள்வியை மட்டுமே. இரண்டு ஏணிகள் இருக்கலாமா என்ற கேள்வியைத் தொடவே இல்லை.

அதைத் தொட்டது குவாசர் வழக்கு. என் நண்பர்கள் அடிக்குறிப்பில் தள்ளிவிடும் இந்த வழக்கைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். குவாசர் என்பது மோட்டோரோலாவின் தொலைக்காட்சிப் பெட்டித் தொழில். 1974இல் ஜப்பானின் மட்சுஷிடா அதை விலைக்கு வாங்கியது. பெயர், ஆட்கள், சந்தை எல்லாம் அமெரிக்கம். உடைமை மட்டும் ஜப்பான். 1985இல் நிறுவனம் 2 கோடி டாலர் நட்டமடைந்தது. நிலைமையைச் சீர்செய்ய மட்சுஷிடா தன் அதிகாரி ஒருவரை அனுப்பியது. 1986இல் ஆட்குறைப்பு வந்தது. அமெரிக்க நிர்வாகிகள் 89 பேரில் 66 பேர் வேலையிழந்தார்கள். தாய் நிறுவனத்திலிருந்து தற்காலிக விசாவில் வந்திருந்த ஜப்பானிய நிர்வாகிகள் பத்துப் பேரில் ஒருவர்கூட நீக்கப்படவில்லை. இருவர் ஜப்பானுக்குத் திரும்பினார்கள். அவர்கள் இடத்துக்குப் புதிதாக ஒருவர் மட்டுமே வந்தார். எஞ்சிய அமெரிக்க நிர்வாகிகளுக்குச் சம்பள உயர்வு இல்லை, ஜப்பானியருக்கு இருந்தது. நட்டம் ஒன்று, கட்டடம் ஒன்று. ஆனால் நட்டத்தின் சுமை ஒரு பக்கத்தின் மேல் மட்டும் விழுந்தது.

இதைவிட முக்கியமானது அந்த ஜப்பானிய நிர்வாகிகளின் பணிநிலை. அவர்கள் குவாசரின் ஊழியர்களாகவே வேலை பார்த்தார்கள். ஆனால் அவர்களை மதிப்பிடுவது, பணிப்பதிவேட்டை வைத்திருப்பது, சம்பள உயர்வை முடிவுசெய்வது எல்லாம் மட்சுஷிடாவின் கையில் இருந்தன. அவர்களை மதிப்பிடும் அதிகாரம் குவாசருக்குக் கிடையாது. என் வாதம் முழுவதும் இந்த ஒரு விவரத்தில் அடங்கியிருக்கிறது. ஆட்குறைப்புப் பட்டியல் தயாரானபோது அமெரிக்கரையும் ஜப்பானியரையும் ஒப்பிட்டு யார் திறமையானவர் என்று எவரும் பார்த்திருக்க வேண்டியதில்லை. ஜப்பானியரின் பெயர் அந்தப் பட்டியலுக்குள் வரவே வழியில்லை. பட்டியல் எழுதியவர் அமெரிக்கரை உயிராக நேசிப்பவராக இருந்திருந்தாலும் விளைவு மாறியிருக்காது. பண்பாட்டு வேறுபாடு என்போருக்கு இதுவே என் பதில்: எந்தப் பயிற்சி வகுப்பு இந்தப் பதிவேட்டை ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்கு மாற்றும்? இளமைக் கோளாறு என்போருக்கும் பதில் இங்கேயே உண்டு. குவாசர் புதிய நிறுவனம் அன்று. உள்ளூர் நிர்வாகிகள் நிறைந்த பழைய தொழில். மட்சுஷிடா வாங்கியும் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. வேரூன்றக் காலம் போதவில்லை என்று இதைப் பார்த்துச் சொல்ல முடியாது.

விசாரணை நீதிமன்றம் ஊழியர் பக்கம் தீர்ப்பளித்தது. 1991இல் ஏழாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி ரிச்சர்ட் போஸ்னர் அதை மாற்றினார். முடிவைத் திணித்தது தாய் நிறுவனமாதலால் அதன் ஒப்பந்த உரிமையைத் துணை நிறுவனமும் எடுத்துக்கொள்ளலாம் என்றார். சுமிட்டோமோவில் மூடிய கதவு இப்படித் திறந்தது. அடுத்து, 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டம் பூர்விக நாட்டை வைத்துப் பாகுபடுத்துவதைத்தான் தடுக்கிறது, குடியுரிமையை வைத்துப் பாகுபடுத்துவதைத் தடுக்கவில்லை என்றார். இதற்கு அடிப்படை 1973இல் உச்ச நீதிமன்றம் ஃபாரா என்ற ஆடைத் தயாரிப்பு நிறுவனத்தின் வழக்கில் அளித்த தீர்ப்பு. டெக்சாஸின் சான் அன்டோனியோவில் மெக்சிகோ குடியுரிமை கொண்ட பெண்ணொருவருக்கு, அமெரிக்கக் குடியுரிமை இல்லை என்ற காரணத்தால் தையல் வேலை மறுக்கப்பட்டது. குடியுரிமை வேறு, பூர்விகம் வேறு என்று நீதிபதி தர்குட் மார்ஷல் எழுதினார். அயல்நாட்டுப் பெண்ணுக்கு வேலை மறுக்கப் பயன்பட்ட விதியே பதினெட்டு ஆண்டுகள் கழித்துச் சொந்த நாட்டுக் குடிமக்கள் வேலையிழந்ததை நியாயப்படுத்தப் பயன்பட்டது.

போஸ்னரின் தீர்ப்பை என் நண்பர்கள் அசைக்க முடியாதது என்கிறார்கள். நான் ஒப்பவில்லை. ஃபாரா தீர்ப்பை முழுவதும் படிக்க வேண்டும். குடியுரிமை விதியின் நோக்கமோ விளைவோ பூர்விகப் பாகுபாடாக இருந்தால் அதுவும் சட்டவிரோதமே என்று அதே தீர்ப்பு சொல்கிறது. ஃபாராவில் அந்த விளைவு இல்லை. அந்த ஆலையில் 96 விழுக்காட்டுக்கு மேற்பட்ட தொழிலாளர் மெக்சிகோ வம்சாவளியினர், அந்தப் பெண் கேட்ட வேலையில் 97 விழுக்காட்டினர். கதவு அவருடைய இனத்தாருக்குத் திறந்தே இருந்தது என்பதற்கு அந்த எண்ணிக்கை சாட்சி. குவாசரில் அத்தகைய சாட்சி எங்கே? முதல் ஏணியில் நின்றவர் அனைவரும் ஒரே பூர்விகத்தார். போஸ்னர் இதை அறியாதவர் அல்லர். ஜப்பானில் குடியுரிமையும் பூர்விகமும் ஏறக்குறைய ஒன்றே. விளைவைப் பார்த்தால் ஒப்பந்தம் தந்த உரிமை செல்லாக்காசாகிவிடும் என்கிறார். அப்படியானால் தீர்ப்பைத் தாங்கி நிற்பது ஃபாரா அன்று, ஒப்பந்தம். அந்த ஒப்பந்தப் பிரிவு எதற்காக வந்தது? அதைக் கேட்டு வாங்கியது அமெரிக்கா, ஜப்பான் எதிர்த்தது. வெளிநாட்டு அரசுகள் உள்ளூர்க் கணக்கரையும் நிர்வாகியையும் இத்தனை பேர் வைத்தே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்துவதிலிருந்து முதலீட்டாளரைக் காப்பது அதன் வேலை. குடிமை உரிமைகள் சட்டம் வந்ததோ பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு. அரசின் கட்டாயத்துக்கு எதிராக வார்த்த கேடயத்தை ஊழியரின் முறையீட்டுக்கு எதிராகத் திருப்பிப் பிடித்தார்கள்.

எதிர்வாதம் ஒன்றை இங்கே மதித்துப் பதில் சொல்ல வேண்டும். முதல் போட்டவர் தன் பணத்தைக் காக்கத் தான் நம்பும் சிலரை அமர்த்தக் கூடாதா? அமர்த்தலாம். இந்தச் சலுகை இருபக்கமும் உள்ளது, வெளிநாட்டில் வேலை பார்க்கும் அமெரிக்கரையும் காக்கிறது என்று போஸ்னர் சொல்வதும் சரியே. ஆனால் அமர்த்தும் உரிமை என்பது நட்டம் வரும்போது ஒரு சாராரை ஒப்பீட்டுக்கே வெளியில் நிறுத்தும் உரிமை ஆகாது. எந்தெந்தப் பதவி தாய் நிறுவனத்தின் நம்பிக்கைக்கு உரியது என்பதை முன்னதாகவே அறிவித்துவிட்டால் ஊழியர் தெரிந்து சேர்வார், அல்லது சேராமல் போவார். அறிவிக்காமல், எல்லாப் பதவியும் எல்லாருக்கும் உண்டு என்ற தோற்றத்தில் ஆட்களைச் சேர்த்துவிட்டு, ஏற்றும்போதும் இறக்கும்போதும் மட்டும் இரண்டாவது ஏணியைக் காட்டுவதுதான் அநீதி.

இனி விழுக்காடு கேட்போரிடம் வருகிறேன். ஹரியானா அரசு 2020இல் தனியார் வேலைகளில் 75 விழுக்காடு உள்ளூர்க்காரருக்கு என்று சட்டம் செய்தது. அது நடைமுறைக்கு வந்தபோது மாதம் 30,000 ரூபாய் வரையிலான வேலைகளுக்கு மட்டுமே பொருந்தியது. பஞ்சாப், ஹரியானா உயர் நீதிமன்றம் 2023இல் அதை அரசமைப்புக்கு முரணானது என்று ரத்து செய்தது. ரத்தாகாமல் இருந்திருந்தாலும் என் கேள்விக்கு அது விடையாகாது. அந்தச் சம்பள வரம்பே போதும், சட்டம் எந்த ஏணியைப் பற்றியது என்பதைக் காட்ட: கீழ் ஏணியை உள்ளூர்க்காரரால் நிரப்பி, மேல் ஏணியைத் தொடாமல் விடுகிறது. விழுக்காடு தலைகளை எண்ணும், பரிசீலனையை எண்ணாது.

உள்ளூர் ஊழியருக்காகப் பேசுவது அயலார் வெறுப்பில் முடியும் என்ற அச்சமும் உண்டு. அந்த அச்சத்துக்கு மருந்து ஒரே அளவுகோலை நம் மேலும் வைப்பதுதான். 1994இல் சென்னையில் தொடங்கி இன்று அமெரிக்க நிறுவனமாக இருக்கும் காக்னிசன்ட், இந்தியரல்லாத ஊழியருக்கு எதிராகத் திட்டமிட்டுப் பாகுபாடு காட்டியது என்று 2024 அக்டோபரில் லாஸ் ஏஞ்சல்ஸ் நடுவர் குழு முடிவு சொன்னது. நிறுவனம் அதை ஏற்கவில்லை, மேல்முறையீடு செய்வதாக அறிவித்தது. டாட்டா கன்சல்டன்சி மீது ஏறக்குறைய இதே குற்றச்சாட்டு வந்தபோது 2018இல் ஓக்லாந்து நடுவர் குழு அதை ஏற்க மறுத்தது. இரண்டு முடிவுகளும் ஒரே கேள்விக்கு வந்தவை: விசாவில் வந்தவருக்கு ஒரு வரிசை, அங்கேயே சேர்ந்தவருக்கு வேறு வரிசை இருந்ததா? சுமிட்டோமோ பெண்களுக்காகக் குரல் கொடுப்பவர், வாதியாக நிற்பவர் அமெரிக்கர் என்பதற்காக இங்கே மௌனம் காக்கக் கூடாது.

நம் சட்டத்தைப் பற்றி இரண்டொரு சொல். அரசமைப்பின் 16ஆம் பிரிவு அரசு வேலைக்கானது. தனியார் நிறுவனத்தைக் கட்டாது. 2025 வரை நடைமுறையில் இருந்த 1976ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டம் ஆண், பெண் வேறுபாட்டைப் பற்றியது. குடியுரிமையையோ பூர்விகத்தையோ காரணமாக்கித் தனியார் நிறுவனம் காட்டும் பாகுபாட்டுக்குப் பொதுவான தடைச்சட்டம் நம்மிடம் இல்லை. வேலைவாய்ப்பு விசாவுக்கு ஆண்டுக்கு 16.25 லட்சம் ரூபாய் என்ற குறைந்தபட்சச் சம்பளத்தை அரசே விதித்திருக்கிறது. எளிய வேலைகளுக்கு அயலார் வருவதைத் தடுக்கும் நல்ல நோக்கம்தான்; ஆனால் மேல் ஏணியின் முதல் படி எங்கே தொடங்குகிறது என்பதையும் அந்தத் தொகை குறித்துவிடுகிறது.

நேரம் குறைவு, செய்ய வேண்டியவற்றைச் சொல்லி முடிக்கிறேன். திருப்பெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை ஆலைகளில் எந்தப் பதவிவரை உள்ளூர்க்காரர் சென்றிருக்கிறார் என்று ஆலை ஆலையாகப் பதிவுசெய்ய வேண்டும். 2010இல் கொரியாவோடும் 2011இல் ஜப்பானோடும் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தங்களில் பணியாளர் இடமாற்றம் பற்றிய பகுதிகளை நம் தொழிலாளர் சட்ட மாணவர்கள் வரிவரியாகப் படிக்க வேண்டும். இந்த ஆலைகளில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தவர்களின் பதவி வரலாறு தனி ஆய்வுக்குரியது. ஒப்பந்தத் தொழிலாளர் என்ற மூன்றாவது ஏணியை நான் இன்று தொடவில்லை. பெண் ஊழியர் நிலையையும் அதனோடு சேர்த்து யாராவது எடுத்துச் செய்ய வேண்டும்.

இந்த ஆய்வுகளில் இறங்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேலாளர் நல்லவரா, உள்ளூர்க்காரரை மதிக்கிறாரா என்ற கேள்வித்தாளோடு ஆலைக்குள் போகாதீர்கள். அந்தப் பதவி காலியானபோது யார் யார் பெயர் பரிசீலிக்கப்பட்டது, அவர்களுடைய பணிப்பதிவேடு யாரிடம் இருக்கிறது என்ற இரண்டை முதலில் கேளுங்கள். அவற்றுக்கு விடை தர மறுக்கும் நிறுவனத்தில் இரண்டு ஏணிகள் இருக்கின்றன என்றே கொள்ளுங்கள். இல்லை என்று மெய்ப்பிப்பது அந்த நிறுவனத்தின் பொறுப்பு.