பஞ்சுப்பனியும் பக்கத்து வீடும்



கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை எதை எடுத்துப் பார்த்தாலும் அதில் பனி இருக்கும். கூரைமேல் பனி, மரக்கிளைமேல் பனி, கோயிலுக்குப் போகும் வழியெல்லாம் பனி. தாணே கழிமுகத்தின் கீழ்க்கரையில், சான்பாடாவில் வாழும் எங்களுக்கோ டிசம்பர் மாதக் கடைசியில் மின்விசிறியை ஒரு சுற்றுக் குறைத்தால் போதும், அதுவே குளிர்காலம். மும்பை சாந்தாகுருசு வானிலை நிலையத்தில் பதிவான மிகக் கடுமையான குளிர், 1962 ஜனவரி 22-ஆம் நாள் இருந்த 7.4 பாகை செல்சியஸ். நீர் உறைவதற்கு அதற்கும் கீழே வெகுதூரம் இறங்க வேண்டும். ஆயினும் ஆண்டுதோறும் எங்கள் வீட்டுக் குழந்தைகள் குடிலுக்கும் மரத்துக்கும் பனி வேண்டும் என்கிறார்கள். அந்தப் பனியையும், அதைக் காண வரும் விருந்தினரையும் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் சொல்லை எடுத்துக்கொள்வோம். பனி என்ற சொல் நமக்குப் புதியதன்று. ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த நம் முன்னோர், மார்கழியையும் தையையும் முன்பனிக்காலம் என்றார்கள். டிசம்பர் 25 மார்கழி மாதத்தில் வருகிறது. ஆகவே, நமது கணக்கின்படி கிறிஸ்துமஸ் எப்போதும் பனிக்காலத்துப் பண்டிகையே. ஆனால் நமது பனி புல்நுனியில் நீர்த்துளியாய் நிற்பது. விடியலில் திரையாய்த் தொங்கிக் கதிரவன் ஏறியதும் மறைவது. மேனாட்டுப் பனி வானத்திலிருந்து வெண்துகளாய் இறங்கித் தரையில் குவிவது. அதற்குத் தமிழில் தனிச்சொல் இல்லாமையால், வேதாகமத்தைத் தமிழாக்கியவர்கள் இடர்ப்பட்டிருக்கிறார்கள். இன்றும் திருச்சபைகளில் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பில் அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘உறைந்த மழை’. இன்னொரு நுட்பமும் அதில் உண்டு. நூற்று நாற்பத்தேழாம் சங்கீதத்தின் எபிரேய மூலம் அந்த வெண்பனியைக் கம்பளி ரோமத்துக்கு ஒப்பிடுகிறது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் அங்கே பஞ்சு என்று எழுதிவிட்டார்கள். ஆட்டுரோமத்தைவிடப் பருத்தியே தமிழன் கைபட்ட வெண்மை என்று அவர்கள் கருதியிருக்க வேண்டும்.

இதைக் குழந்தைகளுக்குச் சொன்னபோது அவர்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஏனெனில் எங்கள் வீட்டில் பனி என்பது பஞ்சுதான். சில ஆண்டுகள் வெண்ணிறத் தெர்மோகோலை உதிர்த்துத் தூவிக்கொண்டிருந்தோம். 2018-இல் மகாராட்டிர அரசு பிளாஸ்டிக்கோடு தெர்மோகோல் அலங்காரப் பொருள்களையும் தடை செய்தது. மீண்டும் பஞ்சுக்கே வந்தோம். வணிக வளாகங்களில் சோப்பு நுரையை இயந்திரத்தால் ஊதிப் பனி என்று காட்டுகிறார்கள். அது கண்ணில் பட்டால் எரிகிறது என்பதைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

மும்பைக்குப் பஞ்சுப்பனி பொருத்தமானது என்றே நான் நினைக்கிறேன். 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தபோது, இங்கிலாந்தின் ஆலைகளுக்கு அமெரிக்கப் பருத்தி கிடைக்கவில்லை. அந்த இடைவெளியில் பம்பாய்த் துறைமுகம் பருத்தியாலேயே பெருஞ்செல்வம் கண்டது. சான்பாடாவிலிருந்து கோட்டைப் பகுதிக்குச் செல்லும் துறைமுக வழி ரயிலில் காட்டன் கிரீன் என்று ஒரு நிலையம் வரும். பெயரிலேயே பருத்தி இருக்கிறது. வெளிநாட்டான் அட்டையில் வானம் தரும் வெண்மையை, எங்கள் நகரம் மூட்டை மூட்டையாகக் கட்டி ஏற்றியிருக்கிறது.

இந்தப் பனி கிறிஸ்துமஸுக்குள் எப்படிப் புகுந்தது? சுவிசேஷங்களில் இயேசு பிறந்த கதையில் பனி இல்லை. பருவம் இன்னதென்ற குறிப்பும் இல்லை. லூக்கா சொல்வது, மந்தையைக் காத்து வயல்வெளியில் இரவில் தங்கியிருந்த இடையர்களையும், சத்திரத்தில் இடம் கிடைக்காத ஒரு குடும்பத்தையும்தான். பெத்லகேம் மலைமேல் உள்ள ஊராதலால் அங்கே எப்போதாவது பனி விழுவதுண்டு. 2013 டிசம்பரில் அந்த வட்டாரத்தில் கடுமையாகவே பெய்தது. ஆனால் அட்டைகளில் உள்ள பனி பெத்லகேமின் பனியன்று. அது இங்கிலாந்தின் பனி. சார்லஸ் டிக்கன்ஸ் 1812-இல் பிறந்தவர். அவருடைய பிள்ளைப்பருவம் கடுங்குளிர் ஆண்டுகளில் கழிந்தது. 1814-இல் லண்டன் தேம்ஸ் நதி உறைந்து, அதன்மேல் கடைகள் போட்டுச் சந்தை நடத்தினார்கள். அவர் 1843-இல் எழுதிய கிறிஸ்துமஸ் கதை உலகெங்கும் பரவியபோது அந்தக் குளிரும் கூடவே பரவியது.

வெண்பனிக் கிறிஸ்துமஸைக் கனவு காணும் ஆங்கிலப் பாட்டு ஒன்றை நேயர்களில் பலர் கேட்டிருப்பீர்கள். இர்விங் பெர்லின் இயற்றியது. 1942-இல் ஒரு திரைப்படத்தில் பிங் கிராஸ்பி பாடியது. அதன் தோற்றுவாய்ப் பகுதியைப் பெரும்பாலோர் பாடுவதில்லை. அதில் பாடுபவர் நிற்பது கலிபோர்னியாவில். சுற்றிலும் வெயில், பசும்புல், பனைவகை மரங்கள். அங்கிருந்துகொண்டு வடக்கே உள்ள தம் ஊர்ப் பனியை நினைத்து ஏங்குகிறார். பெர்லினோ குழந்தையாய் இருக்கும்போதே ருஷ்யப் பேரரசிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த யூதர். இரண்டாம் உலகப் போரில் வெப்பமண்டலத் தீவுகளில் போரிட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் இப்பாட்டை விரும்பிக் கேட்டார்கள். ஆக, பனியைப் பற்றிய புகழ்பெற்ற பாட்டே பனியில்லாத ஊரில் பிழைக்க வந்தவனின் பாட்டு. பாம் பீச் சாலைக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு திருநெல்வேலியை நினைக்கும் நமக்கு இது விளங்காமற்போகுமா?

இனி விருந்துக்கு வருகிறேன்.

மும்பைத் தமிழர்களில் கணிசமானோர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள். பலர் தாராவியில் தோல் பதனிடும் தொழிலிலும் பிற கூலி வேலைகளிலும் தொடங்கினார்கள். அங்கே சந்து குறுகல். ஆதலால் விருந்து எளிது. ஒரு வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறினால் பத்து வீட்டுக்குத் தெரியும். பத்து வீட்டுப் பிள்ளைகளும் வாசலில் நிற்பார்கள். அழைப்பது என்பதே கிடையாது. 1970-இல் சிட்கோ நிறுவனம் தோன்றி நவி மும்பையை அமைக்கத் தொடங்கியது. ஆக்ரி உழவர்களும் கோலி மீனவர்களும் வாழ்ந்த ஊர்களைச் சுற்றி அடுக்கு வீடுகள் எழுந்தன. 1992-இல் கழிமுகப் பாலத்தின்மேல் ரயில் வாசிவரை வந்தது. பிறகு நம்மவர் பலரும் சியோன், செம்பூர்ப் பக்கத்திலிருந்து இக்கரைக்கு வந்தார்கள். காற்றும் வெளிச்சமும் கிடைத்தன. வாசற்கதவு மட்டும் சாத்திக்கொண்டது. இங்கே அண்டை வீட்டாரை அழைக்காமல் அவர்கள் வரமாட்டார்கள். அழைத்தாலும் எதை உண்பார்கள், எதை உண்ணமாட்டார்கள் என்று தெரிந்து அழைக்க வேண்டும்.

எங்கள் தளத்தில் நான்கு வீடுகள். எதிர்வீடு மராட்டியர், அந்த வீட்டு மூதாட்டியை எங்கள் பிள்ளைகள் ஆஜி என்று அழைப்பார்கள். பக்கத்து வீடு குஜராத்திச் சமணர். மூன்றாவது வீடு மங்களூர்க் கத்தோலிக்கர். கிறிஸ்துமஸ் அன்று தாராவியிலிருந்து குர்லாவில் வண்டி மாறிச் சித்தப்பா குடும்பமும், செம்பூரிலிருந்து அத்தை, அத்தான், மதினிமார்களும் வந்து சேர்வார்கள். ஒரு படுக்கையறை வீட்டில் முப்பது பேர். கட்டிலைத் தூக்கிச் சுவரோடு நிறுத்திவிடுவோம். அதுவும் போதாத ஆண்டில் ஆஜி தம் வீட்டுக் கதவைத் திறந்து வைத்துவிட்டார். நடுவில் உள்ள நடைபாதையும் சேர்ந்து மூன்று வீட்டு அகலம் ஆயிற்று. அது முதல் ஆண்டுதோறும் அப்படியே.

உணவில் ஒரு முறை வைத்திருக்கிறோம். முற்பகல் முழுவதும் அண்டை வீட்டாருக்கு. அப்போது அடுப்பில் புலால் ஏறாது. முந்திரிக்கொத்து, அதிரசம், முட்டை சேராத அச்சு முறுக்கு, வாழைப்பழம், தேநீர். பிற்பகல் உறவினருக்குப் பிரியாணி. கேக்கில் முட்டை இருந்தால் இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். தெரியாமல் ஒரு துண்டு தின்றால் என்ன வந்துவிடும் என்று நம்மவரில் சிலர் சிரிப்பதைக் கேட்டிருக்கிறேன். அது விருந்தோம்பல் அன்று, நம்பிக்கைத் துரோகம். முகம் சற்றே மாறினால் வாடுகின்ற விருந்தினரை அனிச்ச மலரோடு சேர்த்துப் பேசிய வள்ளுவர் ஊரிலிருந்து வந்தவர்கள் அல்லவா நாம்? குஜராத்தி வீட்டு அம்மையார் எங்கள் அடுப்பில் சமைத்த எதையும் தொடுவதில்லை. ஆனாலும் வருவார், பழமும் பேரீச்சையும் எடுத்துக்கொண்டு அரைமணி நேரம் அமர்ந்து பேசிவிட்டுப் போவார். நம் வீட்டில் சாப்பிடாதவரை ஏன் அழைக்க வேண்டும் என்று என் சித்தப்பா ஒருமுறை கேட்டார். அவர் வந்து அமர்கிறாரே, அதைவிட என்ன வேண்டும் என்றேன். சித்தப்பாவுக்கு முழுச் சம்மதமில்லை. 1960-களின் பிற்பகுதியில் இந்நகரில் தென்னாட்டார்மீது கசப்பு மூண்ட நாள்களைக் கண்டவர் அவர். தமிழ்ப் பெயர்ப் பலகையை மறைத்து வைத்த கடைகளை அறிந்தவர். அயலார் வீட்டுக் கதவு அவருக்கு எளிதில் நம்பத்தக்கதாகத் தோன்றுவதில்லை. அதில் அவரைக் குறைகூறவும் எனக்கு வாய் வரவில்லை.

பலகாரங்களை ஒப்பிட்டால் ஒரு வேடிக்கை புலப்படும். மங்களூர், கோவா மக்கள் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் பலகாரத் தொகுதிக்குக் குஸ்வார் என்று பெயர். அதில் உள்ள நெவ்ரி, மராட்டியர் தீபாவளிக்குச் செய்யும் கரஞ்சியேதான். அதுவே நம் சோமாசு. அவர்கள் சகலி நமக்கு முறுக்கு. மூன்று மொழித் தட்டுகளை அருகருகே வைத்தால் எது யார் வீட்டுத் தட்டு என்று பெயர் கேட்டுத்தான் அறிய வேண்டும். தட்டைப் பற்றி ஒன்று: இவ்வூரில் வந்த தட்டை வெறுந்தட்டாகத் திருப்புவதில்லை. வீட்டில் ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கைப்பிடிச் சர்க்கரையாவது வைத்துத் தருவார்கள்.

2017 ஆகஸ்டில் என் தாயார் காலமானார். துட்டி நடந்த வீட்டில் ஓராண்டு பலகாரச் சட்டி ஏற்றுவதில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஊரில் இருந்தால் உறவினர் கொண்டுவந்து தருவார்கள். இங்கே எங்கள் உறவினர் எல்லாருக்கும் அதே துக்கம். அந்த டிசம்பரில் நட்சத்திர விளக்கும் கட்டவில்லை, மரமும் வைக்கவில்லை. பிள்ளைகள் ஒன்றும் கேட்கவில்லை. கேளாமையே வருத்தமாக இருந்தது. 24-ஆம் நாள் மாலை ஆஜி வந்தார். கையில் பெரிய தட்டு, நிறையக் கரஞ்சி. எங்களுக்குத் தீபாவளிக்கு இருக்கும் முறைதானே உங்களுக்கு இதற்கு, ஆகையால் நான் செய்தேன் என்று மராட்டியில் சொன்னார். நாங்கள் அவரிடம் எங்கள் வழக்கத்தை ஒருபோதும் சொன்னதில்லை. அக்டோபரில் அவர்கள் வீட்டுத் தீபாவளித் தட்டை நாங்கள் வாங்கிக்கொண்டு, திருப்பிக் கொடுக்கும்போது பலகாரம் வைக்காமல் சர்க்கரை வைத்ததிலிருந்து அவரே அறிந்துகொண்டிருக்கிறார். பிறகு தம் பேரனைக் கூப்பிட்டார். அவர்கள் தீபாவளிக்கு வாசலில் தொங்கவிட்ட ஆகாச கந்தீலின் மூங்கில் கூட்டை அவன் கொண்டுவந்தான். அதன்மேல் வெள்ளைத் தாளை ஒட்டி, உள்ளே ஒரு சிறு விளக்கை வைத்தார்கள். நட்சத்திரமாக இல்லை, ஆயினும் எரிந்தது.

2020-இல் வேறு விதமான சோதனை வந்தது. தொற்று நோயை முன்னிட்டு டிசம்பர் 22 முதல் மாநகராட்சிப் பகுதிகளில் இரவு 11 மணிக்குமேல் ஊரடங்கு இருந்தது. நள்ளிரவு ஆராதனை இல்லை, உறவினர் வரவில்லை. நான்கு வீட்டாரும் தத்தம் வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்துகொண்டோம். தட்டுகளை நடுவே ஒரு முக்காலியில் வைத்துவிட்டு, ஒருவர் விலகியபின் மற்றவர் வந்து எடுத்துக்கொண்டோம்.

கீதபவனியும் முன்போல் இல்லை. தாராவியில் விடிய விடியப் பாடி வருவதை நான் சிறுவனாய் இருந்தபோது கண்டிருக்கிறேன். 2000-ஆம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது. எங்கள் குடியிருப்பில் இப்போது ஒன்பது மணிக்கே பாடி முடித்துவிடுகிறார்கள். ஒலிபெருக்கி இல்லாமல் கீழே நின்று பாடினால் மேல்தளத்துப் பிள்ளைகள் இறங்கி வருகிறார்கள், அதனால் பாதகமில்லை. வருத்தம் வேறு இடத்தில். தமிழ்ப் பாட்டின் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு பாடும் பிள்ளைகள் ஆண்டுக்கு ஆண்டு பெருகுகிறார்கள். ஆதலால் விருந்துக்கு வரும் எங்கள் உறவுப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுக்கிறோம். ஒவ்வொரு தட்டோடும் போகும் சிறு வாழ்த்துச் சீட்டை அவர்கள் தமிழ் எழுத்தில் எழுத வேண்டும். வாங்கும் வீட்டாருக்கு அதைப் படித்து, இந்தியிலோ மராட்டியிலோ பொருள் சொல்ல வேண்டும். சென்ற முறை ஒரு சிறுமி ‘பனிக்கால வாழ்த்துகள்’ என்று எழுதியிருந்தாள். ஆஜி பனி என்றால் என்ன என்று கேட்டார். அவள் சற்று யோசித்துவிட்டு, மரத்தில் ஒட்டியிருந்த பஞ்சைக் கொஞ்சம் பிய்த்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

ஜனவரி 6 ஆனதும் நட்சத்திரத்தை இறக்கி, பஞ்சைச் சுருட்டி வைத்துவிடுவோம். கழிமுகத்துச் சேற்றில் அப்போது பூநாரைகள் வந்து மேய்ந்துகொண்டிருக்கும். அடுத்த வாரமே மகர சங்கராந்தி. ஆஜி வீட்டிலிருந்து எள்ளும் வெல்லமும் வரும்; அந்தத் தட்டில் நாங்கள் சர்க்கரைப் பொங்கல் வைத்துத் திருப்ப வேண்டும்.