தாய்மண் மறுத்த குரல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் கம்பனின் கவிநயத்தையும் சிலம்பின் சிறப்பையும் புலமை மிக்க சான்றோர் எடுத்துரைக்கக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். இன்று பேசுமாறு பணிக்கப்பட்டிருக்கும் நானோ மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரிபவன். புலவர்கள் உலாவிய வீதியில் நுழைய எனக்குத் துணிவில்லை. ஆகவே, நம்மில் எவருக்கும் தெரியாத ஒரு மொழியில் பாடி உலகத்தின் நெஞ்சைத் தொட்ட ஓர் அம்மையாரைப் பற்றிச் சில சொற்கள் சொல்ல விரும்புகிறேன். அவர் தென்னாப்பிரிக்காவின் மிரியம் மகேபா. ஊரை விட்டு வந்து வேற்றூரில் வாழும் நம்போன்றோர் அவசியம் அறிந்திருக்க வேண்டிய வாழ்க்கை அவருடையது.

மிரியம் 1932ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் நாள் ஜோஹானஸ்பர்க் நகரில் பிறந்தார். தந்தையார் பள்ளி ஆசிரியர், கோசா இனத்தவர். தாயார் சுவாசி இனத்தவர். பிறர் வீடுகளில் வேலை செய்து பிழைத்தவர். வறுமையின் காரணமாக அந்த அம்மையார் தானியத்தை ஊறவைத்துக் காய்ச்சும் நாட்டு மதுவை விற்றார். கறுப்பர் அவ்வாறு மது காய்ச்சி விற்பது அந்நாளில் குற்றம். அவர் கைது செய்யப்பட்டபோது குழந்தை மிரியம் பிறந்து பதினெட்டே நாட்கள் ஆகியிருந்தன. அபராதம் செலுத்தப் பணமில்லை. ஆறு மாதம் சிறை. தாயோடு சேயும் சிறை சென்றது! தாலாட்டுக் கேட்க வேண்டிய செவி, சிறைக் கதவின் ஓசையைக் கேட்டது. ஆறு வயதில் தந்தையையும் இழந்தார்.

தென்னாப்பிரிக்காவின் நிலையை விளக்க ஒரே ஒரு செய்தி போதும். நம் ரயில்வே ஊழியர் வீடுகளில் ‘பாஸ்’ என்ற சொல்லைக் கேட்டதும் பிள்ளைகள் துள்ளிக் குதிப்பார்கள். ஊருக்குப் போகலாம், பாட்டியைப் பார்க்கலாம் என்பது அச்சொல்லின் பொருள். அங்கும் ‘பாஸ்’ என்றே ஒன்று இருந்தது. ஆனால், அது கறுப்பினத்தவர் தம் சொந்த நாட்டிலேயே எங்கே தங்கலாம், எங்கே வேலை செய்யலாம் என்பதை வரையறுத்த விலங்கு. கையில் அது இல்லையேல் சிறை. தங்கச் சுரங்கங்களுக்கும் வெள்ளையர் இல்லங்களுக்கும் கறுப்பரின் உழைப்பு வேண்டும். உழைப்பவர் மட்டும் அந்நகரில் உரிமையோடு வாழக்கூடாது. இதுவே அந்தச் சட்டத்தின் உள்நோக்கம்.

இந்தக் கொடுமை தமிழருக்குப் புதிதன்று. அதே ஜோஹானஸ்பர்க்கில் 1908ஆம் ஆண்டு காந்தியடிகளின் தலைமையில் இந்தியர்கள் தம் பதிவுச் சீட்டுகளை நெருப்பிலிட்டனர். அப்போராட்டத்தில் தமிழர் ஆற்றிய பங்கைக் காந்தியடிகள் வாயாரப் புகழ்ந்தார். அதே நகரில் பிறந்த தில்லையாடி வள்ளியம்மை, சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று நோயுற்று, 1914ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் பதினாறு வயதில் உயிர் நீத்தாள். வள்ளியம்மை மறைந்து பதினெட்டு ஆண்டுகள் கழித்து, அவள் பிறந்த நகரிலேயே மிரியம் பிறந்தார்.

பள்ளியிலும் தேவாலயத்திலும் பாடிப் பழகிய மிரியம், 1954ஆம் ஆண்டு ‘மன்ஹாட்டன் பிரதர்ஸ்’ என்ற புகழ்பெற்ற இசைக்குழுவில் சேர்ந்தார். பின்னர்ப் பெண்களே பாடிய ‘ஸ்கைலார்க்ஸ்’ குழுவில் பாடினார். அமெரிக்கரான லயனல் ரோகோசின் என்பவர், நிறவெறி ஆட்சியின் கண்ணில் மண்ணைத் தூவி மறைவாக எடுத்த ‘கம் பேக் ஆப்பிரிக்கா’ என்ற திரைப்படத்தில் மிரியம் சிறிது நேரமே தோன்றிப் பாடினார். அந்தச் சிறிது நேரம் அவர் வாழ்வையே மாற்றியது. 1959ஆம் ஆண்டு அப்படம் வெனிஸ் திரைப்பட விழாவில் காட்டப்பட்டபோது அவரும் அங்கே சென்றார். லண்டனில் ஹாரி பெலஃபாண்டே என்னும் புகழ்பெற்ற கறுப்பினப் பாடகர் அவருக்குத் துணை நின்றார். அவ்வாண்டு இறுதிக்குள் அமெரிக்கா மிரியத்தின் குரலைக் கேட்டு வியந்தது.

அடுத்த ஆண்டு இடி விழுந்தது. 1960ஆம் ஆண்டு மார்ச் 21ஆம் நாள், ஷார்ப்வில் என்ற ஊரில் பாஸ் சட்டத்தை எதிர்த்துக் கூடிய மக்கள்மீது போலீசார் சுட்டனர். 69 பேர் மாண்டனர். அதே ஆண்டில் மிரியத்தின் தாயார் காலமானார். தம்மைச் சிறையில் மடியேந்திய அந்தத் தாயை அடக்கம் செய்யப் புறப்பட்டார் மகள். அப்போதுதான் தெரிந்தது, அவருடைய பாஸ்போர்ட்டை அரசு ரத்து செய்துவிட்டது என்பது. ஒரு சிறு முத்திரை! தாய்க்கும் மகளுக்கும் இடையே அது மலையாய் எழுந்து நின்றது.

அன்பர்களே, இவ்விடத்தில் என்னைப்பற்றிச் சிறிது கூற மன்னிக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் என் அன்னை மறைந்த செய்தி தொலைபேசியில் வந்தது. உடனே விடுப்பும் கிடைத்தது, பாஸும் கிடைத்தது. எனினும் வழிநெடுகத் தவித்து நான் ஊர் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. முகம் காணவில்லையே என்ற அந்த வேதனை இன்றும் என்னை விட்டு அகலவில்லை. தொலைவால் நேர்ந்த பிரிவே இவ்வளவு சுடுமானால், வாயிற்கதவை வேண்டுமென்றே அடைத்ததால் நேர்ந்த பிரிவு எவ்வாறு சுட்டிருக்கும்!

அந்த அம்மையார் அழுது ஓய்ந்துவிடவில்லை. 1963ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபையின் நிறவெறி எதிர்ப்புக் குழுவின் முன் நின்றார். தம் நாடே பெருஞ்சிறையாகிவிட்டதை எடுத்துரைத்தார். அந்த ஆட்சிக்கு ஆயுதம் விற்காதீர்கள், அவை எங்கள் பெண்கள்மீதும் குழந்தைகள்மீதும் திருப்பப்படும் என்று உலக நாடுகளிடம் முறையிட்டார். இதற்குப் பதிலாக அரசு அவருடைய இசைத்தட்டுகளைத் தடை செய்தது, குடியுரிமையையும் பறித்தது. பிற நாடுகளோ தாமே முன்வந்து அவருக்குப் பாஸ்போர்ட் அளித்தன. ஒரு நாட்டின் பிரஜையாக இருக்கக்கூடாதென விரட்டப்பட்டவர் பல நாடுகளின் பிரஜையானார்!

நம் பாரதமும் இவ்விஷயத்தில் வாளாவிருக்கவில்லை. விடுதலை பெறுவதற்கு முன்னரே, 1946ஆம் ஆண்டிலேயே, தென்னாப்பிரிக்காவுடன் வணிகத்தைத் துண்டித்து, ஐக்கிய நாடுகள் சபையில் வழக்குரைத்த நாடு இது. அந்நாட்டுக்குச் செல்ல இயலாதென அச்சிட்ட இந்தியப் பாஸ்போர்ட்டுகளை மூத்தோர் சிலர் கண்டிருக்கலாம். 1974ஆம் ஆண்டு டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதிப் போட்டியில் தென்னாப்பிரிக்காவை எதிர்த்து ஆட மறுத்து, கைக்கெட்டிய கோப்பையையே இந்தியா துறந்தது. அந்த அணியில் சென்னையின் அமிர்தராஜ் சகோதரர்கள் இருந்தனர் என்பது நாம் மறக்கக்கூடாத செய்தி.

இனி, அவருடைய இசைக்கு வருவோம். கோசா மொழியில் நாவைச் சொடுக்கி எழுப்பும் ஒலிகள் உண்டு. பல்லின் பின்னிருந்தும், கன்னத்தின் ஓரத்திலிருந்தும், மேலண்ணத்திலிருந்தும் அவை பிறக்கின்றன. நம் ழகரம் பிறருக்கு எவ்வாறோ, அவ்வாறே அவ்வொலிகள் அயலாருக்கு எட்டாக் கனி. அம்மொழியில் ஒரு வண்டின் பெயரால் அமைந்த திருமணப் பாட்டு ஒன்று உண்டு. அதன் பெயரைச் சொல்ல வராத வெள்ளையர் அதற்குச் ‘சொடுக்குப் பாட்டு’ என்று பெயரிட்டனர். மிரியம் மேடைதோறும் அந்தப் பாட்டைப் பாடுமுன் இதைச் சொல்லிச் சிரிப்பார்; பின்பு உண்மைப் பெயரைத் திருத்தமாக உச்சரிப்பார். உங்கள் நாவுக்கு எளிதாக வேண்டும் என்பதற்காக என் மொழியை மாற்றிக்கொள்ள மாட்டேன் என்னும் உறுதி அந்தச் சிரிப்புக்குள் இருந்தது. பெலஃபாண்டேயுடன் அவர் ஆப்பிரிக்க மொழிகளில் பாடி வெளியிட்ட இசைத்தட்டுக்கு 1966ஆம் ஆண்டு அமெரிக்காவின் கிராமி விருது கிடைத்தது. தாய்மொழியை வீட்டுக்குள் ஒளித்து வைக்க வேண்டியதில்லை, அதை உலகின் அரங்கிலே நிமிர்ந்து நின்று பாடலாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

டாரதி மசூகா இயற்றிய ‘கவுலேசா’ என்னும் பாட்டையும் அவர் பாடினார். விரைந்திடு என்பது அதன் பொருள். கறுப்பர் குடியிருப்பில் போலீசார் சோதனைக்கு நுழையும்போது, தெருவில் ஆடும் பிள்ளைகள் தம் தாய்மாரை எச்சரிக்கும் கூவல் அது. நாட்டு மது விற்றதற்காகத் தாயோடு சிறைபுகுந்த அந்தப் பதினெட்டு நாள் குழந்தைதான் வளர்ந்து இந்தப் பாட்டைப் பாடியது என்பதை எண்ணும்போது, அது வெறும் பாட்டாகத் தோன்றவில்லை. 1976ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள், சில பாடங்களை ஆஃப்ரிகான்ஸ் மொழியில் பயில வேண்டும் என்ற ஆணையை எதிர்த்து சொவெட்டோவின் மாணவர்கள் ஊர்வலம் சென்று குண்டுக்கு இரையானார்கள். ஹியூ மசகேலா அதைப் பாட்டாக்க, மிரியம் அதை உலகெங்கும் பாடினார். ஆனால், விந்தையைப் பாருங்கள்! உலகம் அவரை மிகுதியாக அறிந்ததோ, 1967இல் பெரும்புகழ் பெற்ற ‘பாட்டா பாட்டா’ என்ற நடனப் பாட்டினால். தம் பாட்டுகளில் ஆழமில்லாத ஒன்றுதான் இத்துணைப் புகழ் பெற்றது என்று அவரே வருந்தியதுண்டு.

புகழ் தந்த அமெரிக்காவும் அவரை நிலையாக ஏற்கவில்லை. 1968ஆம் ஆண்டு கறுப்பர் உரிமைப் போராளியான ஸ்டோக்லி கார்மைக்கேலை அவர் மணந்ததும், அவருடைய கச்சேரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ரத்தாயின. மேற்கு ஆப்பிரிக்காவின் கினி நாடு அடைக்கலம் தந்தது. ஐக்கிய நாடுகள் சபையில் அந்நாட்டின் பிரதிநிதியாகவும் பேசினார். உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும்: அடைக்கலம் தந்த செக்கூ தூரேயின் ஆட்சியிலும் எதிர்க்கட்சியார் சிறையில் வாடினர். நன்றிக் கடன் பட்ட அம்மையார் அவருக்கு உற்ற துணையாகவே இருந்தார். இதை ஒரு குறையாகச் சொல்வோர் உண்டு; அது நியாயமான குறையே. வீடிழந்தவர், வீடு தந்தவரின் குற்றத்தைக் காணக் கூசுவதும் நாடுகடத்தலின் கொடுமைகளில் ஒன்று என்றே நான் கருதுகிறேன். அந்நாட்டில்தான் 1985ஆம் ஆண்டு தம் ஒரே மகள் பாங்கியைப் பறிகொடுத்து, அந்த மண்ணிலேயே புதைத்தார்.

1990ஆம் ஆண்டு பிப்ரவரியில் நெல்சன் மண்டேலா விடுதலை பெற்றார். அவ்வாண்டு ஜூன் மாதம், முப்பத்தோர் ஆண்டுகளுக்குப் பின், மிரியம் தாயகம் திரும்பினார். அப்போது அவர் கையில் இருந்தது பிரெஞ்சு நாட்டுப் பாஸ்போர்ட்! பிறந்த மண்ணில் விருந்தாளியாய் இறங்கினார். எனினும், 1994இல் தம் மக்கள் முதன்முறையாக வாக்களித்து மண்டேலாவை ஆட்சியில் அமர்த்தியதைக் காணும் பேறு அவருக்கு வாய்த்தது.

அவருடைய இறுதியைச் சொல்லி முடிக்கிறேன். இத்தாலியில் காஸ்தெல் வொல்துர்னோ என்ற ஊரில், 2008ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், பிழைக்க வந்த ஆப்பிரிக்கர் ஆறு பேரைக் கொடியோர் கூட்டம் ஒன்று சுட்டுக் கொன்றது. அக்கூட்டங்களை அம்பலப்படுத்தி எழுதியதால் உயிருக்கு ஆபத்து நேர்ந்த ராபர்த்தோ சவியானோ என்ற எழுத்தாளருக்கு ஆதரவாக, நவம்பர் 9ஆம் நாள் அவ்வூரில் கச்சேரி நடந்தது. எழுபத்தாறு வயது மிரியம் அங்கே சென்று பாடினார். பாடி முடித்ததும் மாரடைப்பு. அன்றிரவே உயிர் பிரிந்தது. நாடு திரும்பிவிட்டோம், இனி ஓய்ந்திருப்போம் என்று அவர் எண்ணவில்லை. நாடு விட்டு வந்த ஏழைகளுக்காகப் பாடிய குரல் அந்த ஏழைகள் வாழ்ந்த ஊரிலேயே அடங்கியது.

இந்தச் செய்தியைப் படித்த நாள்முதல் என் மனத்தை ஒரு நிகழ்ச்சி அரித்துக்கொண்டிருக்கிறது. ஒரு நாள் என் பயணச்சீட்டு அறையின் சாளரத்தில் ஒரு கூலித் தொழிலாளி நின்றான். அவன் பேசியது எனக்குப் புரியவில்லை. நான் சொன்னது அவனுக்குப் புரியவில்லை. பின்னால் நீண்ட வரிசை. நான் சினந்து, ஒதுங்கி நில் என்று அதட்டிவிட்டேன். பிறகுதான் வேறொருவர் விளக்கினார்: அவன் தாய் இறந்துவிட்டாளாம், ஊருக்குப் போக எந்த வண்டி முதலில் வரும் என்று கேட்டானாம். சீட்டைக் கொடுத்து அனுப்பினேன். ஆனால், அதட்டிய சொல்லைத் திரும்பப் பெற முடியவில்லையே!

இவ்வூருக்கு நாம் வந்தபோது நம் மொழியும் இங்கே எவருக்கும் புரியவில்லை. ஆயினும் இம்மண் நமக்கு இடம் தந்தது; சங்கம் கண்டோம், விழா எடுக்கிறோம், பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கிறோம். நம் மொழியைப் பேணுவதோடு நம் கடமை முடிந்துவிடவில்லை. நமக்குப் பின் வருகிறவனின் மொழிக்கும் செவி கொடுக்க வேண்டும். மிரியம் மகேபா விட்டுச் சென்ற செல்வம் அவருடைய இசைத்தட்டுகளில் மட்டும் இல்லை. வாயில் அடைபட்டு நிற்பவனின் வேதனையை, தாம் அறிந்த வேதனையாகவே கருதும் நெஞ்சம் அது. அந்த நெஞ்சத்தில் ஒரு துளி நமக்கும் வாய்க்குமாக!



வாழ்க தமிழ்! வளர்க மனித நேயம்!