இரவில் மலரும் பகாவலி

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் உள்ள பூக்கடைகளில் மல்லிகை, ரோஜா, சாமந்தி எல்லாம் கிடைக்கும். ஆனால் ஒரு பூவை மட்டும் கடையில் வைத்து விற்க முடியாது. இருட்டிய பிறகு மலர்ந்து, பொழுது விடிவதற்குள் வாடிவிடும் பூ அது. மலாய்க்காரர்கள் அதைப் பகாவலி என்கிறார்கள். சீனர்கள் கெங் ஹுவா என்கிறார்கள். நம்மவர்களில் பலர் பிரம்மகமலம் என்றும், சிலர் நிசாகந்தி என்றும் சொல்கிறார்கள். மூன்று இனத்தாரும் விரும்பி வளர்க்கும் இந்தச் செடியைத் தொட்டியில் வளர்ப்பது, தொட்டி மாற்றுவது எப்படி என்று இன்று காண்போம்.

முதலில் பெயரைப் பற்றிய இரண்டு குழப்பங்களைத் தீர்த்துக்கொள்வோம். உண்மையான பிரம்மகமலம் இமயமலையின் குளிர்ந்த உயரங்களில் வளரும் வேறொரு செடி. நம் வெப்பத்தில் அது வளராது. இன்னொன்று, 1955ஆம் ஆண்டில் எம்.ஜி.ஆர். நடித்து வெளிவந்த ‘குலேபகாவலி’ படத்தில் பார்வையைத் திரும்பத் தரும் மலர் ஒன்று வருகிறதல்லவா? அது கதை. பெயர் ஒத்திருக்கிறது என்பதற்காக இந்தப் பூவின் சாற்றையோ தண்டின் சாற்றையோ யார் கண்ணிலும் விடக்கூடாது. கண்ணில் கோளாறு என்றால் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

நம் பகாவலி மெக்சிகோவையும் மத்திய அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்ட கள்ளிச் செடி. கள்ளி என்றதும் முள்ளும் மணலும் சுடுவெயிலும் நினைவுக்கு வரும். இதற்கோ முள் இல்லை. இது பாலைவனத்துக் கள்ளியும் அல்ல, காட்டுக் கள்ளி. பெரிய மரங்களின் கிளைகளில், மக்கிய சருகு தங்கும் இடங்களில் வேரூன்றி வளர்வது. செம்பனை மரத்தில் வெட்டிய மட்டையின் அடியில் பெரணிச் செடிகள் வளர்வதை நாம் அன்றாடம் பார்க்கிறோம். அவை மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. அங்கே சேர்ந்த மக்கையும் மழை நீரையும் கொண்டே வாழ்கின்றன. பகாவலியின் இயல்பும் அதுவே. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் செய்ய வேண்டியதெல்லாம் தானே விளங்கும்.

மரத்தின் மேல் மழை பெய்யும். பெய்த நீர் உடனே வடிந்துவிடும். ஆகவே பகாவலியின் வேருக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். நீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கும் அதிகமாக மழை பெய்கிறது. கிள்ளான் கரையோரத் தோட்டங்களின் மண்ணோ பெரும்பாலும் களிமண். அதை அப்படியே அள்ளித் தொட்டியில் போட்டால் நான்கு மழையில் இறுகிப்போகும். பகாவலி பட்டுப்போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

தொட்டிக் கலவையைக் காசில்லாமலே சேர்க்கலாம். சிறு துண்டுகளாக நறுக்கிய தேங்காய் மட்டை இரண்டு பங்கு, நன்றாக மக்கிய இலை உரம் அல்லது சாண உரம் ஒரு பங்கு, உடைத்த அடுப்புக்கரியும் செங்கல் துண்டும் சேர்ந்து ஒரு பங்கு. தேங்காய் மட்டையை இரண்டு மூன்று நாள் நீரில் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிய பிறகு பயன்படுத்த வேண்டும். செம்பனைக்குப் போடும் உரத்தை இந்தத் தொட்டியில் போடக்கூடாது. அளவு சற்று மிஞ்சினாலும் வேர் கருகிவிடும்.

தொட்டியை 2 அல்லது 3 ஆண்டுக்கு ஒரு முறை மாற்றினால் போதும். வேர் சற்று நெருக்கமாக இருந்தால்தான் இது நன்றாகப் பூக்கும். எனவே புதிய தொட்டி பழையதைவிட இரண்டு விரல் அகலமாக இருந்தால் போதும். மொட்டு இருக்கும்போது மாற்றக்கூடாது. செடியை இடம் பெயர்த்தாலே மொட்டு உதிரக்கூடும். பூத்து முடிந்த பிறகு, மாற்றுவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே நீர் விடாமல் நிறுத்துங்கள். தொட்டியைச் சாய்த்துச் செடியை மெல்ல வெளியே எடுத்து, பழைய கலவையை உதிர்த்து, கறுத்து அழுகிய வேர்களைக் கத்தரித்துவிடுங்கள். முன்பிருந்த ஆழத்திலேயே நட்டு, சாயாமல் ஒரு குச்சி கட்டுங்கள். அறுந்த வேரின் காயம் ஆறும்வரை நான்கைந்து நாள் நீர் வேண்டாம். அதன் பிறகு, மேற்பரப்பு காய்ந்ததைத் தொட்டுப் பார்த்து நீர் விடலாம். காலை வெயில் நல்லது. உச்சி வெயில் பட்டால் தண்டு மஞ்சளாகும்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைப்பவர்கள் அதில் நீர் நிற்க விடக்கூடாது. டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தேங்கிய நீரில் ஒரு வாரம் பத்து நாளில் முட்டையிலிருந்து கொசுவாகிவிடும். வீட்டில் கொசு பெருக இடம் கொடுப்பது 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும். அடுக்குமாடி வீடுகளில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கைப்பிடிச் சுவரின் மேல் தொட்டி வைக்காதீர்கள். காற்றில் விழுந்தால் கீழே போகும் ஓர் உயிருக்கு ஆபத்து.

இனி, புதுச் செடி உண்டாக்கும் முறை. இலை போலத் தட்டையாக இருப்பது உண்மையில் இதன் தண்டு. மொட்டு அதன் ஓரப் பள்ளங்களிலிருந்தே வரும். முற்றிய தண்டில் ஒரு சாண் நீளம் வெட்டி, நிழலில் ஒரு வாரம் வைத்து, வெட்டு வாய் காய்ந்த பின் அடிப்பக்கம் கீழாக இரண்டு விரல் ஆழம் நட வேண்டும். சில வாரங்களில் வேர் விடும். பூப்பதற்கு இரண்டு மூன்று ஆண்டு ஆகலாம், பொறுமை வேண்டும்.

தோட்டங்கள் பல வீடமைப்பு நிலங்களாக மாறியபோது, லயத்து வீட்டை விட்டு அடுக்குமாடிக்குக் குடிபோன குடும்பங்கள் எத்தனையோ. முருங்கை மரத்தையும் கறிவேப்பிலை மரத்தையும் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. பகாவலித் தண்டு ஒன்றைச் செய்தித்தாளில் சுருட்டிப் பையில் வைத்துக்கொள்ளலாம். ஒரு வாரம் கழித்து நட்டாலும் அது பிழைக்கும். நீங்கள் இடம் மாற நேர்ந்தால் அப்படி ஒரு தண்டைக் கையோடு கொண்டுபோங்கள். மாறுவதற்கு முன்பே அண்டை வீட்டாருக்கும் ஆளுக்கொன்று கொடுத்துவிடுங்கள். உங்கள் செடி பட்டுப்போனாலும் அவர்களிடம் அதன் கிளை இருக்கும்.

தொங்கும் மொட்டு பருத்து, வளைந்து மேல்நோக்கி நிமிர்ந்தால் பூக்கும் இரவு நெருங்கிவிட்டது என்று அறியலாம். அன்று பிள்ளைகளைச் சற்று நேரம் விழித்திருக்க விடுங்கள். பக்கத்து வீட்டாரையும் அழையுங்கள். நள்ளிரவுக்குள் பூ முழுதாக விரிந்து, வாசம் வாசலெங்கும் நிறைந்திருக்கும்.