தொடாமல் பார்ப்பது எப்படி?
(செவிலியர் மாநாட்டுத் தலைமை உரை)



இந்த நாற்காலியில் என்னை உட்கார வைத்தது உங்கள் அன்பு. முப்பது வருஷம் வகுப்பறையிலும் வார்டிலும் தொண்டை கிழியப் பேசியவளுக்கு இன்று நாக்கு வறள்கிறது. எனக்கு முன்னால் தலைமை ஏற்றவர்கள் துறையின் வளர்ச்சியை அழகாகத் தொகுத்துச் சொல்லிவிட்டு அமர்ந்தார்கள். எனக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. என்னிடம் இருப்பது ஒரு பழைய வழக்கு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அழைப்பிதழில் உள்ள தலைப்பு: 'பச்சிளங்குழந்தைப் பராமரிப்புப் பிரிவில் மாணவர் பயிற்சி: தரமும் பாதுகாப்பும்.' 2003இல் மேற்கு வங்கத்தின் புருலியாவில் தொடங்கிய முதல் மாவட்ட அளவிலான பிரிவு, 2011இன் வழிகாட்டு நெறிகள், 2030க்குள் பச்சிளங்குழந்தை இறப்பை ஆயிரத்துக்கு ஒற்றை இலக்கமாக்க 2014இல் வகுத்த செயல்திட்டம், இவையெல்லாம் இந்த அவைக்கு மனப்பாடம். வார்மர் எத்தனை, ஸ்டாஃப் எத்தனை என்ற கணக்குக்கு மதிய அமர்வு இருக்கிறது. என் வழக்கு ஒரே ஒரு சொல்லைப் பற்றியது: 'அப்சர்வேஷன்'.

ஒரு மாணவியை எஸ்.என்.சி.யு. என்ற இந்தப் பச்சிளங்குழந்தைப் பிரிவுக்கு அனுப்பும்போது நாம் என்ன சொல்லி அனுப்புகிறோம்? "அப்சர்வேஷன் போஸ்டிங்தான், எதையும் தொடாதே, ஓரமாக நில்." அவள் செருப்பைக் கழற்றி, வளையலையும் வாட்சையும் கழற்றி, முழங்கை வரை இரண்டு நிமிடம் கை கழுவுகிறாள். பிறகு அந்தக் கழுவிய கைகளை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு ஷிஃப்ட் முடியும் வரை நிற்கிறாள். எதற்காகக் கழுவினாள் என்று அவளுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. கடைசி நாளில் ரெக்கார்டில் 'பார்த்தது: ஐந்து' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிப் போய்விடுகிறாள்.

இந்தச் சொல்லுக்கு நாம் கொடுத்திருக்கும் பொருள் தவறு என்பது என் கட்சி. அதற்குச் சாட்சியாக, நம் பாடத்திட்டத்தில் எங்கும் இடம்பெறாத சில பக்கங்களைக் காட்ட விரும்புகிறேன். இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பகுதியில் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் குழந்தை மருத்துவர்களாக இருந்த டாப்ஸ், கிரெமர் இருவரும் 1975இல் எழுதிய நினைவுக் குறிப்பு அது. மஞ்சள் காமாலைக்கு ஒளியால் சிகிச்சை தரும் போட்டோதெரபி பிறந்த கதை. 1956 கோடையில் ஒரு நாள், குறைமாதக் குழந்தைகள் பிரிவின் பொறுப்பாளர் சிஸ்டர் வார்டு, ரவுண்ட்ஸ் வந்த டாக்டர்களிடம் ஒரு குழந்தையைத் தயங்கித் தயங்கிக் காட்டினார். உடம்பெல்லாம் வெளிர் மஞ்சள், ஓரிடத்தில் மட்டும் முக்கோணமாக அடர் மஞ்சள். அயோடின் மாதிரி எதையாவது பூசினீர்களா என்று டாக்டர் கேட்டார். இல்லை, வெயில்தான் காரணமாக இருக்கும் என்றார் சிஸ்டர். குழந்தைகளை முற்றத்தில் வெயிலில் வைப்பது அவர் வழக்கம். துணியின் முனை மூடியிருந்த இடத்தில் மஞ்சள் அப்படியே நிற்கிறது, மற்ற இடத்தில்தான் வெளுத்திருக்கிறது என்று விளக்கினார். அன்றைக்குப் பேச்சு அதோடு நின்றது.

அதற்குப் பிறகுதான் ஜன்னலோரம் வெயிலில் கிடந்த ஒரு ரத்த மாதிரியில், மஞ்சளுக்குக் காரணமான பிலிருபின் குறைந்திருந்ததை ஆய்வகத்தார் கண்டார்கள். 1958இல் லான்செட் இதழில் கட்டுரை வந்தது. ஆசிரியர்கள் கிரெமர், பெர்ரிமேன், ரிச்சர்ட்ஸ். சிஸ்டர் வார்டின் பெயர் அந்த வரிசையில் இல்லை.

இதை நான் முன்பொரு கருத்தரங்கில் சொன்னபோது, நான் மிகவும் மதிக்கும் ஒரு டாக்டர் எழுந்து, "சிஸ்டர் பார்த்தது தற்செயல். அந்த ரத்த மாதிரியே போதும், விஞ்ஞானம் எப்படியும் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும்" என்றார். அவை சிரித்தது. நானும் சிரித்துவிட்டு உட்கார்ந்தேன். இப்போது மைக் என் கையில் இருப்பதால் பதில் சொல்கிறேன். ரத்த மாதிரி வெயிலில் கிடந்தது தற்செயல். ஒரு குழந்தையை உடை களைந்து, நிறம் மாறிய விளிம்பைக் கண்டு, துணி எங்கே மூடியிருந்தது என்று யோசித்து, தயக்கத்தை மீறி டாக்டர்களிடம் காட்டியதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. நம் தொழிலில் அதன் பெயர்தான் அப்சர்வேஷன். அந்தப் பார்வையில் கை இருந்தது, வாயும் இருந்தது. நம் மாணவியிடம் நாம் இரண்டையும் கட்டிப்போட்டுவிட்டு, கண்ணை மட்டும் திறந்துவைக்கச் சொல்கிறோம்.

எனக்கே இது நடந்திருக்கிறது. மாணவியாக ஒரு மருத்துவமனையில் இதே மாதிரி ஓரமாக நின்றேன். போட்டோதெரபியில் இருந்த குழந்தையின் கண்கட்டு மெல்ல நழுவி மூக்கின் மேல் இறங்கியது. பார்த்துக்கொண்டே இருந்தேன். தொடக் கூடாது என்பது உத்தரவு. ஸ்டாஃப் சிஸ்டர் வேறொரு குழந்தைக்கு ஐ.வி. போட்டுக்கொண்டிருந்தார், குறுக்கே பேசினால் திட்டு விழும். அந்தப் பக்கமாக வந்த ஆயாம்மா சத்தம் போட்டதால் சரி செய்தார்கள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றைய ரெக்கார்டில் 'போட்டோதெரபி பார்த்தேன்' என்று எழுதினேன், கையெழுத்தும் கிடைத்தது.

தொடாமல் எதைப் பார்க்க முடியும் என்பதையும் யோசியுங்கள். புறங்கையைக் குழந்தையின் வயிற்றிலும் பாதத்திலும் வைக்கிறோம். இரண்டும் கதகதப்பாக இருந்தால் நல்லது. வயிறு கதகதப்பாக இருந்து பாதம் சில்லிட்டிருந்தால் குளிர் அதை வாட்டத் தொடங்கிவிட்டது. இரண்டும் சில்லிட்டால் ஆபத்து. மஞ்சள் எதுவரை இறங்கியிருக்கிறது என்று பார்க்கத் தோலை விரலால் அழுத்தி எடுக்க வேண்டும். ரத்த ஓட்டத்தை அறிய மார்பெலும்பின் மேல் அழுத்தி, நிறம் திரும்ப எத்தனை விநாடி என்று எண்ண வேண்டும். எல்லாமே தொடுதல்தான். பால் புகட்டுவதும் அப்படியே. நம் பாட்டிமார் சங்கு என்றும் பாலாடை என்றும் சொன்ன அந்தச் சின்னப் பாத்திரம், 'பாலாடை' என்ற பெயரோடே ஆங்கிலப் பயிற்சிக் கையேடுகளுக்குள் போய்விட்டது. அதை எவ்வளவு சாய்ப்பது, விழுங்கி முடித்துவிட்டதா என்பதெல்லாம் கைக்குத்தான் தெரியும்.

பொம்மையில் பழகினால் போதாதா என்று கேட்கும் நண்பர்கள் இந்த அவையிலும் இருக்கிறார்கள். மூச்சு கொடுக்கும் பயிற்சிக்குப் பொம்மை அவசியம், மறுக்கவில்லை. ஆனால் பொம்மையின் பாதம் சில்லிடாது.

இரண்டாவது எதிர்ப்பு வலுவானது: மாணவர் கூட்டம் தொற்றைக் கொண்டுவரும். இதற்கு வரலாற்றில் பெரிய சாட்சி உண்டு, வியன்னா. அங்கே மருத்துவ மாணவர்கள் பயின்ற பிரசவ வார்டில், மருத்துவச்சிகள் பயின்ற வார்டைவிடத் தாய்மார் அதிகமாக இறந்தார்கள். விசாரணைக் குழு போட்டு மாணவர் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். சாவு சிறிது காலம் குறைந்து, மீண்டும் ஏறியது. 1847 மே மாதம் அங்கே டாக்டராக இருந்த செம்மல்வைஸ் மாணவர்களைக் குளோரின் நீரில் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த சாவு ஜூனில் இரண்டை ஒட்டி இறங்கியது. மாணவர்களைக் கதவுக்கு வெளியே நிறுத்தியதால் அது குறையவில்லை, கை கழுவ வைத்ததால் குறைந்தது.

தாய்மாரையும் தொற்றின் பெயரால்தான் வெகுகாலம் வெளியே நிறுத்தினோம். 2021இல் வெளிவந்த, டெல்லி சஃப்தர்ஜங் உட்பட ஐந்து மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு என்ன சொன்னது? பிறந்த உடனேயே தாயின் மார்போடு அணைத்து வைத்த எடை குறைந்த குழந்தைகளில் 28 நாளுக்குள் இறந்தவை 12 சதவீதம், வழக்கமான முறையில் 15.7. தொற்று என்று சந்தேகிக்கப்பட்டவையும் குறைவு. மாணவி தாயல்ல, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெளியே நிறுத்துவதே பாதுகாப்பு என்ற நம்பிக்கையை இனி கேள்வி கேட்காமல் விடமுடியாது.

என் கட்சிக்கு எதிரான சாட்சியையும் நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தேநீர் இடைவேளையில் நீங்கள் சொல்வீர்கள். 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் வாஷிங்டனில், அதிக ஆக்சிஜன் குறைமாதக் குழந்தைகளின் கண்ணைக் கெடுக்கிறதா என்று சோதித்தார்கள். குறைந்த ஆக்சிஜன் பெற்ற குழந்தைகள் செத்துவிடும் என்று நம்பிய சில நர்ஸுகள் இரவில் ரகசியமாக ஆக்சிஜனைத் திறந்துவிட்டார்கள். நல்ல மனசுதான். ஆனால் கண்ணைக் கெடுத்தது அதே ஆக்சிஜன்தான். சிஸ்டர் வார்டு தயங்கினாலும் வெளிச்சத்தில் சொன்னார், இவர்கள் இருட்டில் செய்தார்கள். அதனால்தான் மாணவியின் கையை அவிழ்த்துவிடுங்கள் என்பதோடு என் கோரிக்கை முடியவில்லை. கையை அவிழ்க்கும்போது பக்கத்தில் ஆசிரியை நிற்க வேண்டும். பத்துப் பேரை உள்ளே அனுப்பிவிட்டு நாம் ஸ்டாஃப் ரூமில் உட்காருவது நடக்காது. ஒரு ஷிஃப்டுக்கு இரண்டு பேர், மூன்று பேர், அதற்கு மேல் வேண்டாம். அவர்களைச் சாம்பிள் கொண்டுபோக அனுப்பவும் வேண்டாம். தொடுவதற்கு முன் குழந்தையின் தாயிடம் தன் பெயரைச் சொல்லி, தொடலாமா என்று மாணவி கேட்கட்டும்.

நேரம் ஆகிவிட்டது என்று செயலாளர் இரண்டு முறை சைகை காட்டிவிட்டார். நாளை மாலை தீர்மானக் குழு கூடும்போது ஒன்றைப் பரிசீலிக்க வேண்டுகிறேன். நம் ரெக்கார்டில் 'பார்த்தது' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் வேண்டும்: 'என்ன கண்டேன், யாரிடம் சொன்னேன்.' அந்தக் கட்டம் காலியாக இருந்தால் நாம் கையெழுத்துப் போடக் கூடாது.